பாத்திரம் அறிந்து

துரைப்பாக்கம், ஆறாவது மாடி, இரவு பதினொன்றரை.
ஏசியை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள்.
தண்ணீர் லாரிக் கம்பெனியின் தரவுக் கிடங்கில்
யார் எதைத் திறக்கலாம் என்று
எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கையேட்டில் ரோல் என்பதைத்
தமிழில் போடச் சொன்னார் வேங்கடவரதன்.
பாத்திரம் என்று போட்டேன்.
'குடமா, அண்டாவா?' என்றார்.
தண்ணீர் விற்கிறவரிடம் வேறென்ன சொல்ல.

பாத்திரம் அறிந்து பிச்சையிடு.
கணக்குப் பிரிவுக்கு பில், பாக்கி, டீசல்.
எழுதலாம், அழிக்கக் கூடாது.
அழைப்பு மையத்துக்குப் பெயரும் தெருவும்,
போன் நம்பரில் கடைசி நான்கும்.
மற்ற ஆறும் நட்சத்திரங்கள்,
பள்ளிக்கரணை வானத்தில் அவ்வளவு கிடையாது.
பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் பார்க்கலாம்,
அதுவும் போன வருடத்தை மட்டும்.

ரெஜினால்டு வேலையை விட்டு எட்டு மாதம்.
அவனை நீக்கச் சொன்னால் கிடங்கு மறுக்கிறது:
நாற்பத்தோரு அட்டவணை இன்னும் அவன் பேரில்.
காலையில்தான் தாலுகா ஆபீஸில் நின்றுவிட்டு வந்தேன்,
அப்பா பேரில் இருக்கும் பட்டாவை
என் பேருக்கு மாற்ற, நான்காவது முறையாக.
'வில்லங்கம் ஒண்ணும் இல்லம்மா,
சர்வேயர்தான் லீவு.'
இங்கே ஒரே வரி. என்டர்.
நாற்பத்தொன்றும் கைமாறின.
ரெஜினால்டு கனடாவில் பனி வாரிக்கொண்டிருப்பான்,
சொத்து போனது தெரியாமல்.

அப்புறம்தான் கண்ணில் பட்டது,
யாரும் யாருக்கும் கொடுக்காத ஒன்று
எல்லோர் கையிலும் இருப்பது.
பொது என்றொரு பாத்திரம்,
கிடங்கோடு கூடப் பிறந்தது.
உள்ளே வரும் எவரும்
அதை ஏந்தியபடியேதான் வருகிறார்.
டிரிப் அட்டவணையின் கடைசிப் பத்தி அதற்குள் கிடந்தது.
தலைப்பு: குறிப்பு.
லாரி ஓட்டுகிறவர்கள் போனில் தட்டிவிடுவது.

மேடவாக்கம்: 'நாய் கட்டல.'
பெரும்பாக்கம்: 'சம்ப் மூடி ஒடஞ்சிருக்கு, பாத்து.'
ஜல்லடியன்பேட்டை: 'காசு அஞ்சாம் தேதிக்கு மேலதான் கேக்கணும்.'
கோவிலம்பாக்கம்: 'கைக்கொழந்த. ஹாரன் வேணாம்.'
ஒரு ஹோஸ் எட்டும் தூரத்துக்குள்
எவ்வளவு தெரிந்துவிடுகிறது.

சும்மாதான் என் தெருவைத் தேடினேன்.
'பின்வீடு. அந்தம்மா தனியா இருக்கு.
ராத்திரி லேட்டாதான் வரும்.
கேட் சாவி மீட்டர் பொட்டில.'

எழுதியவர் மாசிலாமணி, பதினேழாம் நம்பர் வண்டி.
மோட்டார் ஓடாத நாளில்
இரண்டு குடம் தானே தூக்கி வைத்தவர்.
சம்ப் நிரம்பியதும் மூடியை நேர்ப்படுத்தி
மேலே கல் வைத்துவிட்டுப் போகிறவர்.
மாற்று டிரைவர் அலையக் கூடாதே என்று எழுதியிருக்கிறார்.
அதை இருநூற்று அறுபத்து மூன்று பேர் படிக்கலாம்.
படித்தார்களா?
தொண்ணூறு நாளுக்கு முந்தியது எதுவும்
கிடங்குக்கு ஞாபகம் இல்லை.

பொதுவிடமிருந்து பிடுங்கினேன்.
ஓட்டுநர் என்று புதிதாக ஒன்று செய்தேன்:
அன்றைய டிரிப், அன்றைய தெரு, அன்றைய குறிப்பு,
விடிந்தால் காலி.
மாசிலாமணியைச் சேர்த்தேன், மற்றவர்களையும்.

கடைசியில் என் பெயர்.
எல்லாப் பூட்டுக்கும் சாவி உள்ள ஒருத்தி.
எடுத்துவிடலாம் என்று போன கை நின்றது.
தணிக்கைப் படிவத்தில்
காரணம் கேட்கும் கட்டத்தை வெகுநேரம் பார்த்திருந்து
'இரவுப் பணி' என்று எழுதினேன்.

வீடு சேர ஒரு மணி.
கேட்டடியில் ஈரம். தண்ணீர் வந்திருக்கிறது.
மூடி மேல் கல்.
மீட்டர் பெட்டிக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்து
வேறெங்கே வைப்பதென்று
இருட்டில் நின்றேன்.
செம்பருத்தித் தொட்டி. ஷூ ஸ்டாண்ட். ஜன்னல் கம்பி.
எங்கே வைத்தாலும்
வியாழக்கிழமைக்குள்
ஒருவரிடமாவது சொல்லியாக வேண்டும்.